செவாலியே தேயோனும் பால் வழக்கும்

தமிழிலே ஒருவரைப் பற்றி ஒரு சிறு வாக்கியம் எழுதப் புகுவோன், அவர் ஆணோ பெண்ணோ என்பதை அறியாமல் அதனை முடித்தல் அரிது. வந்தான் என்றால் ஆண். வந்தாள் என்றால் பெண். ஆங்கிலத்து வினைச்சொல் இவ்வேறுபாட்டைக் காட்டுவதில்லை. நம் மொழியிலோ வினைமுற்றின் ஈறே பாலை அறிவித்துவிடுகின்றது. ஆதலினன்றோ தொல்காப்பியனார் தம் சொல்லதிகாரத்தைத் திணையும் பாலும் வகுத்துத் தொடங்குவாராயினர். அவ்வியலிலேயே அவர், ஆண்மை திரிந்த பெயர்க்கும் தெய்வத்தைச் சுட்டிய பெயர்க்கும் தமக்கெனத் தனியீறு இல்லையென்றும், அவை உயர்திணைப் பால்களின் ஈறுகளையே ஏற்று வரும் என்றும் விதித்தனர். பின்வந்த பவணந்தி முனிவர் நன்னூலில் இன்னும் ஒரு படி மேற்சென்றார். பெண்மையை விட்டு ஆண்மையை அவாவும் பேடு ஆண்பாலாம். ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவது பெண்பாலாம். இரண்டும் அஃறிணையை ஒத்து வருதலும் உண்டு என்பது அவர் கொள்கை.

இறுதியிற் கூறியது இக்காலத்து நம் செவிக்குக் கொடிதாகவே படுகின்றது. மக்களை அஃறிணையோடு சேர்த்தெண்ணுதல் எங்ஙனம் பொருந்தும்? அது நிற்க. அவாவுதல் என்னும் சொல்லை மாணவர் ஊன்றி நோக்குதல் வேண்டும். உடற்குறி இன்னது என்று கூறி அதன்வழிப் பாலைத் துணியாது, உள்ளம் எதனை விழைந்து நிற்கின்றது என்பதையே முனிவர் அளவுகோலாகக் கொண்டார். இலக்கண நூலார் ஒருவர் இதனைச் சொல்லிச் சில நூற்றாண்டுகள் கழிந்தபின், இலண்டன் மாநகரத்தே கற்றோரும் செல்வரும் நீதிபதிகளும் கூடி ஒருவருடைய பாலைத் துணியப் புகுந்து, இவ்வளவுகோலை ஒருகாலும் கையில் எடாமலே எட்டாண்டுகள் இடர்ப்பட்ட வரலாறு ஒன்றுண்டு. அதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றேன்.

அவர் பெயர் சார்ல் ஷெனவியேவ் லூயி ஒகுஸ்த் ஆந்திரே திமொத்தே தேயோன் தெ பொமோன். பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில் தொன்னேர் என்னும் சிற்றூரில் 1728-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 5-ஆம் நாள் பிறந்தார். இந்நீண்ட பெயரில் ஷெனவியேவ் என்பது பெண்பாற் பெயர். பிற்காலத்தார் சிலர் இதனையே பெருஞ்சான்றாகக் காட்டி, பிறப்பிலேயே ஐயம் இருந்தது என்பர். கத்தோலிக்கக் குடும்பங்களில் ஆண்மகவுக்கும் ஒரு பெண் புனிதரின் பெயரைச் சேர்த்திடுதல் அந்நாட்டில் வழக்கமே. பெயரைக் கொண்டு பாலைத் துணிவதாயின் பிரான்சு நாட்டு ஆடவர் பலரும் ஐயத்துக்கு உள்ளாவர்.

பாரிசிலே சட்டம் பயின்று 1749-இல் பட்டம் பெற்ற தேயோன், சில ஆண்டுகளுள் அரசனது மறைவான பணியொன்றில் அமர்ந்தார். பதினைந்தாம் லூயி மன்னன் தன் அமைச்சர்க்கும் தெரியாமல் ஒற்றர் கூட்டம் ஒன்றை நடத்திவந்தான். 'அரசனின் மறைபொருள்' என்பது அதற்குப் பெயர். ஒரே நாட்டுக்கு வெளிப்படையான தானாபதி ஒருவரையும், அவரறியாமல் மறைவில் எழுதும் ஒற்றர் ஒருவரையும் அனுப்புவது அம்மன்னனது விநோதமான ஆட்சிமுறை. தேயோன் 1756-இல் இரஷ்ய நாட்டுக்குச் சென்று, ஆங்குப் பிரெஞ்சுத் தூதரகத்திற் செயலாளராகப் பணிபுரிந்தார். பின்னர் டிராகூன் என்னும் குதிரைப்படையிலே தலைவராகி, ஏழாண்டுப் போரின் இறுதியிலே போர்க்களத்திற் புண்பட்டார். 1763-இல் பாரிசு உடன்படிக்கை முடிந்தபோது அதன்பொருட்டு உழைத்தமைக்காக அவருக்குப் புனித லூயி சிலுவை அளிக்கப்பெற்றது. செவாலியே, அஃதாவது மாவீரர், என்னும் பட்டம் இங்ஙனமே வந்தது. அவ்வாண்டிலேயே சில திங்கள் இலண்டனில் பிரான்சின் முழுவுரிமை பெற்ற தூதராகவும் விளங்கினார். அப்போது அவருக்கு அகவை முப்பத்தைந்தும் நிரம்பவில்லை.

இந்நாள்வரை அவரை யாரும் ஐயுற்றதாகச் செய்தியில்லை. குறுகிய உருவமும், மீசையற்ற முகமும், மணம் புரியாத வாழ்வும் உடையவராயிருந்தும், வாட்போரில் வல்லவரான ஒருவரை ஐயுறுதற்கு யாருக்கும் காரணம் தோன்றவில்லை. ஐயம் எழுந்தது அவர் அரசாங்கத்தோடு பகைத்த பின்னரே என்பது கருதற்பாலது.

பகை எழுந்த வரலாறு இது. 1763-இன் இறுதியில் கெர்ஷி பிரபு என்பார் தானாபதியாக இலண்டன் வந்து சேர்ந்தார். தேயோன் தம் பதவியை இழந்து அவர்கீழ் அடங்கியொழுக வேண்டியவரானார். அடங்க மறுத்தார்; திரும்பிவர ஆணை வந்தபோதும் மறுத்தார். 1764-இல் தூதரகக் கடிதங்களையே ஒரு நூலாக அச்சிட்டு வெளியிட்டுவிட்டார். ஐரோப்பா முழுவதும் திகைத்தது. எனினும் மிக மேலான கடிதங்களை அவர் அச்சிடாமல் தம்மிடமே வைத்துக்கொண்டார். சமாதானம் செய்துகொண்ட கையோடு இங்கிலாந்தின்மீது படையெடுத்தற்கு ஏற்ற கடற்கரைகளை ஆராய்ந்தறியுமாறு பதினைந்தாம் லூயி எழுதுவித்த ஆணை அவற்றுள் ஒன்று. அக்கடிதம் வெளிப்படின் மற்றொரு போர் மூளுதல் உறுதி. மன்னன் வேறு வழியின்றி 1766 முதல் ஆண்டுக்கு 12,000 லீவர் ஊதியம் அளிப்பானாயினன். தேயோன் நாடுகடத்தப்பட்டவர் போலவும், நாட்டின் ஊதியம் பெறுபவராகவும் இலண்டனிலேயே வாழ்ந்தார்.

1770-ஐ ஒட்டி ஒரு வதந்தி கிளம்பியது. தேயோன் ஆண் அல்லர், பெண் என்றனர் சிலர். பெண்ணும் அல்லர், இரண்டும் கலந்த பிறவி என்றனர் வேறு சிலர். இலண்டன் பங்கு வணிகரும் காப்பிக் கடைகளிற் கூடுவோரும் இதன்மேற் பந்தயம் கட்டலாயினர். பந்தயம் என்றால் இருவர் கைதட்டிச் சொல்லும் வாய்ச்சொல் அன்று. கப்பலுக்கும் சரக்குக்கும் காப்புறுதிப் பத்திரம் எழுதும் தரகரே இதற்கும் பத்திரம் எழுதினர். பதினைந்து கினி செலுத்துவோனுக்கு, தேயோன் பெண்ணென்று மெய்ப்பிக்கப்படும் நாளில் நூறு கினி கிடைக்கும். நாள்தோறும் விலை ஏறியும் இறங்கியும் வந்ததைச் செய்தித்தாள்கள் வெளியிட்டன. உயிருள்ள ஒருவரது உடல் மிளகு மூட்டை போல விலைபேசப்பட்டது.

தேயோன் 1771-இல் படைத்தலைவர்க்குரிய உடையணிந்து, கைத்தடியோடு வணிகர் கூடுமிடத்திற்குத் தாமே சென்று, பந்தயம் கட்டினோர் எவரேனும் எதிரே வருக என்று அறைகூவினார். ஒருவரும் வரவில்லை, பந்தயமோ நிற்கவில்லை. தம்மைக் கடத்திச் சென்று சோதிப்பர் என்று அஞ்சிச் சில வாரம் ஊரைவிட்டே மறைந்துமிருந்தார். பெருந்தொகை தருகின்றோம், உடலைக் காட்டுக என்றோர்க்கு அவர் இணங்கவில்லை. இம்மறுப்பையே மற்றவர் பெண்மைக்குச் சான்றாக்கினர். 'ஆணாயின் காட்டுவதற்கு என்ன நாணம்?' என்பது அவர்தம் வாதம். மானமுள்ள எந்த ஆடவன்தான் சூதாடிகளின் முன் அங்ஙனம் நிற்பான் என்று அவர்கள் நினைந்திலர்.

1774-இல் பதினைந்தாம் லூயி இறந்தான். புதிய மன்னனுக்கு மறை ஒற்றர் கூட்டத்தில் விருப்பமில்லை. கடிதங்களை மட்டும் மீட்டுவிட வேண்டும். அதற்கென இலண்டனுக்கு வந்தவர், 'செவில் நகர நாவிதன்' என்னும் நாடகத்தால் 1775-இலே பெரும்புகழ் எய்தியிருந்த போமார்ஷே. நாடகாசிரியர் ஒருவர் இதில் வந்து புகுந்தது வியப்பே; ஆயினும் இக்கதைக்கு அவரிற் பொருத்தமானவர் வேறு யாவர்? 1775-இன் இறுதியில் இருவரும் ஓர் உடன்படிக்கையிற் கையெழுத்திட்டனர். தேயோன் கடிதங்களைத் திருப்பித் தருதல் வேண்டும். தாம் பெண்ணென்று ஒப்புக்கொண்டு பெண்ணுடை தரித்தல் வேண்டும். அரசன் ஊதியத்தைத் தொடர்ந்து அளிப்பான். போமார்ஷே அவரை மெய்யாகவே பெண்ணென்று நம்பினார்.

தேயோன் இதற்கு இணங்கியது ஏன்? கடனும் நாடு திரும்பும் ஆசையுமே காரணம் என்பர் ஒருசாரார். பெண்ணாக வாழ்தலை அவர் முன்னமே உள்ளத்தில் விரும்பியிருந்தார் என்பர் மற்றொரு சாரார்; அவருடைய நூற்றொகுதியில் பெண்டிரின் பெருமை பேசும் நூல்கள் நிறைந்திருந்ததை இவர்கள் காட்டுவர். தேயோன் தாமே கூறிய விளக்கம் இவ்விரண்டினும் வேறு. தாம் பெண்ணாகவே பிறந்ததாகவும், ஆண்மகவு இல்லையேல் மனைவி வழிச் சொத்து கைக்கு வாராது என்பதனால் தந்தையார் தம்மை ஆணாக வளர்த்ததாகவும் அவர் எழுதினார். இது மெய்யன்று என்பது பின்னர்த் தெரியவந்தது. பொய் என்று அறிந்த பின்னும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். ஆண் என்று ஒருகாலும் பெண் என்று ஒருகாலும் தம்மைக் கூறியவர், இரண்டும் அல்லேன் என்று எங்கும் கூறினாரில்லை. அந்த மூன்றாம் பெயர் பிறர் இட்டது.

அங்ஙனம் பிறர் இட்டதன் அடையாளமாக ஒரு படம் நிலைத்துவிட்டது. 1777 செப்டம்பரில் 'இலண்டன் மாகசின்' என்னும் இதழ் ஒரு செதுக்குப் படத்தை வெளியிட்டது. உச்சி முதல் அடி வரை நடுவே கோடிட்டாற்போல ஒரு பாதி பெண்ணுடையும் மறுபாதி ஆணுடையும் அணிந்த உருவம் அது. தமிழர்க்கு மாதொருபாகன் திருவுருவம் உடனே நினைவுக்கு வரும். ஆயின் அங்கே ஒருபாகம் மற்றொன்றிற்கு அருளுவது. இங்கோ காண்போர் நகைத்தற்கே இரு பாதியும் ஒட்டப்பட்டன. இன்றளவும் தேயோனைப் பற்றிய நூல்களிற் பெரும்பாலும் முன்வந்து நிற்பது இப்படமே. அவரை ஆண் பெண் இரண்டும் கலந்தவர் என்று பலரும் எண்ணுதற்கு இதுவும் ஒரு காரணம். படத்தை ஆவணமாகக் கொள்வோர்க்கு இஃது ஓர் எச்சரிக்கை.

இனி வழக்கிற்கு வருவோம். 1777 ஜூலை 1-ஆம் நாள், கிங்ஸ் பெஞ்சு நீதிமன்றத்தில், தலைமை நீதிபதி மான்ஸ்பீல்டு பிரபுவின் முன்னர், ஹேஸ் என்னும் அறுவை மருத்துவர் ஜாக் என்னும் தரகர்மேல் வழக்காடினார். தேயோன் பெண் என்பது துணியப்பட்டுவிட்டது. ஆதலின் பந்தயப் பொருள் தருக என்பது வழக்கு. தேயோன் இதில் வாதியும் அல்லர், பிரதிவாதியும் அல்லர், மன்றத்திற்கும் வந்திலர். சாட்சி கூறினோருள் ஒருவர் தேயோனுக்கு மருத்துவம் செய்ததாகக் கூறிய பிரெஞ்சு மருத்துவர். மற்றொருவர் மொராந்த் என்னும் பத்திரிகையாளர். பிறரது மானத்தை அச்சிட்டு விற்பேன் என்று மிரட்டிப் பொருள் பறிப்பதில் அந்நாளிலே பெயர்பெற்றவர். தாம் தேயோனை நெருங்கி அறிந்ததாக அவர் சாட்சி கூறினார். எதிர்த்தரப்பினரும் சாட்சியத்தை மறுக்கவில்லை. பந்தயம் சட்டத்திற்கு மாறானது என்று மட்டும் வாதித்தனர். நடுவர் குழுவினர் ஹேஸ் பக்கமே முடிவு கூறினர். 700 பவுன் அவருக்குக் கிடைத்தது. இங்ஙனம் இங்கிலாந்தின் நீதிமன்றம் ஒன்றிலே, தாம் இல்லாத இடத்தில், தம்மைக் கேளாமலே, தேயோன் பெண்ணெனத் துணியப்பெற்றார்.

சட்டம் பயிலும் நண்பர்க்கு இதன் பின்நிகழ்ச்சி இன்னும் சுவை தருவது. 1778-இன் தொடக்கத்தில் தகோஸ்தா என்பவருக்கும் ஜோன்ஸ் என்பவருக்கும் இடையே இதே பொருள்மேல் எழுந்த வழக்கு, அதே மான்ஸ்பீல்டு பிரபுவின் முன்னர் ஆராயப்பட்டது. அப்போது அவர் தீர்ப்பு வேறாயிற்று. இரண்டு பேர் தமக்குள் கட்டிய பந்தயத்தின் பொருட்டு, அதனோடு தொடர்பில்லாத மூன்றாமவர் ஒருவரின் உடலைப் பற்றி நீதிமன்றத்திலே நாணமற்ற சாட்சியம் கூறுவித்தல் தகாது. அம்மூன்றாமவருக்குத் தீங்கும் இழிவும் விளைவிக்கும் பந்தயம் செல்லாது என்று அவர் விதித்தார். பந்தயப் பத்திரங்களெல்லாம் வெறுங்கடுதாசியாயின. ஒப்பந்தச் சட்ட வரலாற்றில் இத்தீர்ப்புக்கு ஓர் இடம் உண்டு. நான் வியப்பது அதுவன்று. ஆறு திங்களுக்குமுன் எந்தச் சாட்சியத்தைக் கேட்டுத் தம் மன்றத்தில் முடிவு பிறக்க விட்டாரோ, அதனைக் கேட்டிருத்தலே தவறு என்று கூறும் உள்ளத் திண்மை நீதிபதி ஒருவருக்கு உண்டாயிற்றே! உண்மை இன்னது என்று அவர் அறிந்திலர். அதனை வினவுதற்குத் தமக்கு உரிமை இல்லை என்பதை அறிந்தார். பந்தயத்துக்காகவன்றிச் சொத்து, வாரிசு முதலியவற்றுக்காக இவ்வினா எழுமாயின் மன்றம் அதனைக் கேட்கும் என்றும் அவர் விலக்கு வைத்தார், அது வேறு.

நம் நாட்டிலே 2014 ஏப்ரல் 15-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், ஒருவர் தம் பாலை இன்னதெனத் தாமே உணர்ந்து கூறுதலை மதித்தல் வேண்டும் என்றும், மருத்துவர் கத்தியை அதற்கு நிபந்தனையாக வைத்தல் கூடாது என்றும் தீர்ப்பளித்தது. மான்ஸ்பீல்டு பிரபு வினாவை விலக்கினார். நம் நீதிபதிகள் அவ்வினாவுக்கு விடை கூறவேண்டியவர் யாவர் என்பதையே மாற்றினர். இரண்டுக்கும் இடைப்பட்ட காலம் 236 ஆண்டு.

தேயோன் 1777 ஆகஸ்டிலே பிரான்சுக்குத் திரும்பினார், படையுடையிலேயே திரும்பினார். பெண்ணுடை தரிக்க வேண்டும் என்னும் அரசாணை உடனே பிறந்தது. மரி அந்துவானெத் அரசிக்கு உடை தைக்கும் ரோஸ் பெர்த்தேன் என்பாரே அவருக்கும் உடை தைத்தார். அவ்வாண்டு முடிவதற்குள் வெர்சேல்ஸ் அரண்மனையிலே மாதரசியாகத் தோன்றினார். புனித லூயி சிலுவையை மட்டும் மார்பில் அணிந்துகொள்ள இசைவு பெற்றார். எனினும் 1779-இல் மீண்டும் படையுடை பூண்டு போருக்குச் செல்ல முயன்றமையால் சில நாள் சிறையில் வைக்கப்பட்டார். உடையை மாற்றிக்கொள்ள விரும்பியவரா, மாற்றுமாறு கட்டாயப்படுத்தப்பட்டவரா என்னும் வினாவுக்கு இந்நிகழ்ச்சி எளிதில் விடை கூறவிடுவதில்லை. பெண்ணென்று வாழவும் விரும்பினார், படைத்தொழிலை விடவும் விரும்பவில்லை என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது. இவ்விரண்டும் முரண் என்று கருதியது அக்காலத்து அரசவை. முரணென்று அவர் கருதவில்லை. தம்மை ஆர்லியன்சு நங்கை ஜோன் அம்மையாரோடு அவர் ஒப்பிட்டுக்கொண்டதுண்டு. ஆணுடை தரித்ததையும் ஒரு குற்றமாகச் சுமத்தி 1431-இல் எரிக்கப்பட்டவர் அவ்வம்மையார் என்பதை நினைவுகூர்தல் நன்று. தொன்னேரில் ஒதுங்கி வாழ்ந்த ஆண்டுகளில் தேயோன் சமய நூல்களிலே தோய்ந்தார். ஆணுடை பூண்டு துறவியர் மடங்களில் வாழ்ந்த பழங்காலப் பெண் புனிதர் வரலாறுகளைத் திரட்டினார். உபாகமம் இருபத்திரண்டாம் அதிகாரத்தில் உடைமாற்றத்தை விலக்கிய கட்டளை உண்டென்பதைக் கிறிஸ்தவ மாணவர் அறிவர். அதனை அறிந்த திருச்சபையே இப்புனிதர்களைப் போற்றியும் வந்தது என்பதில் தேயோன் தமக்கு ஓர் ஆறுதல் கண்டனர் போலும்.

1785-இல் இலண்டனுக்கு மீண்டபின் அவர் பிரான்சை மறுபடி காணவில்லை. 1787 ஏப்ரலில் வேல்ஸ் இளவரசன் முன்னிலையில், கார்ல்டன் மாளிகையிலே, புகழ்பெற்ற வாள்வீரர் செவாலியே சேன் ஷோர்ஷுடன் பொருதார். கரிய பாவாடையும் தொப்பியும் அணிந்த ஐம்பத்தெட்டு வயது அம்மையார் அவ்வீரரை வாளால் தொட்டதைக் காட்டும் ஓவியம் உண்டு. பிரெஞ்சுப் புரட்சி அவருடைய ஊதியத்தைப் பறித்தது. 1792-இல், பெண்டிர் படையொன்றைத் தாம் நடத்திவரச் சித்தமாயிருப்பதாகப் புரட்சிச் சபைக்கு எழுதினார். பயன் ஒன்றும் இல்லை. நூல்களை ஏலத்தில் விற்றார். வாட்போர்க் காட்சிகளால் வயிறு வளர்த்தார். 1796-இல் சவுத்தாம்டனில் பட்ட காயம் அதற்கும் முடிவு கட்டிற்று. அதன்பின் கோல் என்னும் கைம்பெண் ஒருவரோடு ஒரே இல்லத்தில் எளிமையாக வாழ்ந்து, கடனுக்காகச் சிறையும் கண்டு, 1810 மே 21-ஆம் நாள் தம் 81-ஆம் வயதில் உயிர்நீத்தார்.

உடலைக் கழுவ வந்தபோது கோல் அம்மையார் திகைத்துப்போனார். தோமஸ் கோப்லாந்து என்னும் அறுவை மருத்துவர் பலர் முன்னிலையிலே சோதித்து, ஆணுறுப்புக்கள் எல்லா வகையிலும் செவ்வனே அமைந்துள்ளன என்று சான்றிதழ் எழுதினார். கூடியிருந்தோர் அதற்குச் சாட்சிக் கையொப்பமும் இட்டனர். பெண் என்ற நடுவர் முடிவு பிழையாயிற்று. இரண்டும் கலந்த பிறவி என்ற வதந்தியும் பிழையாயிற்று. ஆனால் வதந்தி சாகவில்லை. 1836-இல் கயார்தே என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் 'தேயோன் நினைவுக் குறிப்புகள்' என்று ஒரு நூல் வெளியிட்டார்; தேயோன் பெண்வேடத்தில் இரஷ்யப் பேரரசியின் அந்தப்புரத்திற் புகுந்தது முதலிய இன்சுவைக் காட்சிகள் அதில் மிகுதி. 1861-இல் ஜூர்தான் என்பவர் அந்நூலைக் களவாடி, ஆண் பெண் இரண்டுமான பிறவி என்னும் பொருள்படும் தலைப்பிலே தம் பெயரால் அச்சிட்டார். மருத்துவர் சான்றிதழ் எழுதி அரை நூற்றாண்டு கழிந்த பின்னரும் அத்தலைப்பு விலைபோயிற்று! கயார்தே சினந்து, 1866-இல் தம் நூலை மீண்டும் வெளியிட்டபோது, முன்னதிற் பல பகுதிகள் தாம் இளமையில் புனைந்தவையே என்று ஒப்புக்கொண்டார். திருடியவர் வரலாறு என்று நினைத்துத் திருடியது கற்பனையை. இலக்கியத் திருட்டால் உண்மை வெளிப்பட்டதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு நான் அறியேன்.

இப்பிழை தேயோனோடு நின்றதும் அன்று. பிரிட்டிஷ் படையின் மருத்துவர் ஜேம்ஸ் பாரி என்பார், எடின்பரோவில் 1812-இல் மருத்துவப் பட்டம் பெற்று, தென்னாப்பிரிக்காவின் கேப் நகரிலே 1826-இல் தாயும் சேயும் பிழைக்க வயிற்றறுவை செய்து புகழ்பெற்றவர்; மருத்துவமனைகளின் தலைமைக் கண்காணிப்பாளராக உயர்ந்தவர். 1865 ஜூலையில் அவர் இறந்தபோது, உடலைக் கழுவிய பணிப்பெண் அவரைப் பெண்ணென்று வெளியிட்டார். இறப்புச் சான்றிதழ் எழுதிய மக்கின்னன் என்னும் மருத்துவரை அதிகாரி ஒருவர் வினவியபோது, பாரி ஆணோ பெண்ணோ என்பது தம் வேலையன்று என்றும், வளர்ச்சி நிரம்பாத ஆணாக இருக்கலாம் என்று தாம் எண்ணியதாகவும் எழுதினார். இடைப்பட்ட பிறவி என்னும் கருத்து அக்கடிதத்தினின்று கிளைத்தது. அயர்லாந்தின் கார்க் நகரத்து மார்கரெட் பல்க்லி என்னும் சிறுமியே ஜேம்ஸ் பாரியாக வளர்ந்தவர் என்பதைக் கையெழுத்து ஒப்பீட்டாலும் கடிதங்களாலும் இந்நூற்றாண்டின் ஆராய்ச்சியாளர் நிறுவியுள்ளனர். பாரி தம்மை ஒருநாளும் ஆணல்லாத வேறொன்றாகச் சொன்னாரில்லை. மக்கின்னன் கூற்றின் முற்பாதி மேன்மையானது. பிற்பாதி வெறும் ஊகம். உலகம் எடுத்துக்கொண்டது பிற்பாதியை.

இங்கே சொற்களைப் பிரித்தறிதல் வேண்டும். உடலமைப்பிலே ஆண்பெண் குறிகள் கலந்து பிறப்போர் உண்மையாகவே உளர். அவரை இடைப்பாலினர் என்று இப்போது வழங்குகின்றோம். உடல் எதுவாயினும் உள்ளத்தால் ஆண் பெண் என்னும் இரண்டிலும் அடங்காதவராகத் தம்மை உணர்வோரும் உளர். பிறப்பிற் குறிக்கப்பட்ட பாலை விட்டு மற்றொன்றிற் செல்வோர் மூன்றாம் வகையினர். பதினெட்டாம் நூற்றாண்டினர்க்கு இம்மூன்றும் ஒரே மூட்டை. நம் பழைய அகராதிகளும் அலி, பேடி என்னும் சொற்களில் இவற்றைக் கலந்தே கட்டின. தேயோன் முதல் வகையினர் அல்லர் என்பதற்குக் கோப்லாந்தின் சான்றிதழ் உண்டு. இரண்டாம் வகையினர் என்று கொள்வதற்கு அவர் எழுத்துக்களில் இடமில்லை. பெண்ணென்று கூறி முப்பத்துமூன்று ஆண்டு வாழ்ந்து, பெண்ணென்றே இறந்தவரை மூன்றாம் வகையிற் சேர்ப்பது தகுமெனச் சிலர் கூறுவர். இருபதாம் நூற்றாண்டில் ஹாவ்லாக் எல்லிஸ் என்னும் அறிஞர், மாற்றுடையும் மாற்றுப்பாலும் விழையும் இயல்பிற்கு அவர் பெயராலேயே 'இயோனிசம்' என்று ஒரு கலைச்சொல் படைத்தார். நம் காலத்துப் பெயர்களுள் ஒன்றை அவர்மேல் ஒட்டுவதற்கு நான் துணியேன். ஆனால், இரண்டும் அல்லாதவர் என்று மெய்யாகவே தம்மை உணர்ந்து கூறுவாரின் சொல்லுக்கு நாம் மதிப்பளிக்க வேண்டுமாயின், அங்ஙனம் கூறாத ஒருவர்மேல் அப்பெயரைச் சாத்தாதிருத்தலும் அம்மதிப்பின் பாற்பட்டதே. ஐயத்தால் இடும் பெயரும், ஒருவர் தம்மை அறிந்து இடும் பெயரும் எழுத்தில் ஒன்றுபோலத் தோன்றலாம், பொருளில் ஒன்றல்ல.

பவணந்தியார் விதிப்படி 1777-க்குப் பின் தேயோனுக்குப் பெண்பால் ஈறே உரியது. சான்றிதழ்ப்படி ஆண்பால் ஈறு உரியது. இக்கட்டுரை முழுவதும் 'அவர்' என்னும் உயர்வுப் பன்மையால் நான் எழுதிவந்தமை கூர்ந்து படிப்போர்க்குப் புலப்பட்டிருக்கும். பிரெஞ்சில் எழுதுவோர்க்கு இவ்வசதி இல்லை. செவாலியே என்பதா, அதன் பெண்பால் வடிவமாகிய செவாலியேர் என்பதா என்று நூலின் தலைப்பிலேயே தடுமாறுவர். கயார்தேயின் முதற்பதிப்பு ஆண்பாலிலும் 1866-ஆம் ஆண்டுப் பதிப்பு பெண்பாலிலும் தலைப்புப் பெற்றன.

2012-இல் இலண்டன் தேசிய உருவப்படக் கூடம் ஓர் எண்ணெய் ஓவியத்தை விலைக்கு வாங்கியது. இறகு சூடிய தொப்பி அணிந்த, பெயரறியாத மாது ஒருவரின் படம் என்று அமெரிக்காவில் அதனை முன்னர் ஏலமிட்டிருந்தனர். வாங்கிய ஓவிய வணிகர் உற்று நோக்கியபோது, கன்னத்தின் கீழ்ப்பகுதியிலே சிரைத்த மயிரின் நிழல் தென்பட்டது. 1792-இல் தோமஸ் ஸ்டூவர்ட் தீட்டிய தேயோன் படம் அது. தொப்பியில் பிரெஞ்சுப் புரட்சியின் மூவண்ண முடிச்சும், கரிய உடையின் மார்பிலே புனித லூயி சிலுவையும் உள்ளன. ஓவியர் எதனையும் மறைக்கவில்லை, பாதியாகப் பிளக்கவுமில்லை.